ஜே லீக் சீசன் எப்படி ஓடுகிறது? 2005-ஐ வைத்து ஓர் எளிய விளக்கம்

2005 டிசம்பர் 3, சனிக்கிழமை. ஜப்பானின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான ஜே1 லீகில் ஒரே ஒரு சுற்று பாக்கி. புள்ளிப் பட்டியலின் மேல்பகுதி இப்படி இருந்தது: செரெஸோ ஒசாகா 58, காம்பா ஒசாகா 57, உராவா ரெட்ஸ் 56, காஷிமா ஆன்ட்லர்ஸ் 56, ஜெஃப் யுனைடெட் சிபா 56. ஒன்பது மாதம் ஆடித் தீர்த்த பிறகும் ஐந்து கிளப்புகளுக்கு நடுவே இரண்டே புள்ளி. ஐந்தில் யார் வேண்டுமானாலும் சாம்பியன் ஆகலாம்.

ஜப்பான் கால்பந்தைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தச் சீசனைத்தான். லீக் என்றால் என்ன, புள்ளி எப்படிச் சேர்கிறது, சமநிலை ஆட்டம் ஏன் சில நேரம் தோல்வி மாதிரி வலிக்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு சீசனிலேயே கிடைத்துவிடும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். 2005-இல் ஜே1-இல் 18 கிளப்புகள். ஒவ்வொன்றும் மற்ற 17 கிளப்புகளோடு இரண்டு முறை மோதும். ஒரு முறை சொந்த ஊரில், இன்னொரு முறை எதிராளியின் ஊரில். ஆக மொத்தம் 34 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலையில் முடிந்தால் இரு தரப்புக்கும் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றும் இல்லை. கடைசி ஆட்டம் முடியும்போது யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ அவர்தான் சாம்பியன். ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு இதில்தான் முதல் இடறல் வரும். அங்கே பட்டியல் என்பது பிளே-ஆஃபுக்குள் நுழைய ஒரு சீட்டு. இங்கே பட்டியலே முடிவு; அதற்கு மேல் இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது.

புள்ளி சமமாக இருந்தால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள்; அதாவது, சீசன் முழுக்கப் போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் எண். அதுவும் சமமென்றால் யார் அதிக கோல் போட்டார் என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே விஷயம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு எளிமையான ஏற்பாடுதானே, முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றலாம். இல்லை. ஜே லீக் இந்த எளிமைக்கு வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டு ஆனது.

1993 மே 15 அன்று டோக்கியோ தேசிய மைதானத்தில் வெர்டி கவாசாகியும் யோகோஹாமா மாரினோஸும் மோதிய ஆட்டத்தோடு லீக் தொடங்கியது. மாரினோஸ் 2-1 என்று வென்றது. அப்போது பத்தே கிளப்புகள். ஆட்டம் சமநிலையில் முடிவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 90 நிமிடத்தில் முடிவு வராவிட்டால் கூடுதல் நேரம்; அதில் முதலில் கோல் போடுகிறவர் வென்றார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதிலும் கோல் இல்லையென்றால் பெனால்டி. புதிதாக மைதானத்துக்கு வரும் ரசிகர்களுக்கு முடிவில்லாத ஆட்டம் பிடிக்காது என்ற கணக்கு. பெனால்டியை 1999-இல் கைவிட்டார்கள். கூடுதல் நேரத்தை 2003-இல்தான் எடுத்தார்கள்.

இன்னொரு சிக்கல், ஆண்டை இரண்டாக வெட்டி ஆடியது. முதல் பாதிக்கு ஒரு வெற்றியாளர், இரண்டாம் பாதிக்கு இன்னொருவர், இருவரும் மோதி ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிப்பார்கள். 1996 ஒன்றைத் தவிர 2004 வரை இந்த முறைதான். டிசம்பரில் ஒரு பெரிய மோதல் நிச்சயம் இருக்கும், தொலைக்காட்சிக்கு நல்லது. ஆனால் 2004-இல் என்ன ஆயிற்று பாருங்கள். முதல் பாதியை மாரினோஸ் வென்றது, இரண்டாம் பாதியை உராவா ரெட்ஸ். இரண்டு பாதியையும் கூட்டினால் உராவாவுக்கு 62 புள்ளி, மாரினோஸுக்கு 59. இறுதி மோதலில் யோகோஹாமாவில் மாரினோஸ் 1-0, சைதாமாவில் உராவா 1-0. கடைசியில் பெனால்டியில் 4-2 என்று மாரினோஸ் சாம்பியன். விதிப்படி சரிதான். ஆனால் ஆண்டு முழுக்க அதிகப் புள்ளி எடுத்தவர் இரண்டாமிடம் என்றால், மார்ச் மாதம் நடந்த ஆட்டத்தை எதற்குப் பார்த்தோம் என்று உராவா ரசிகர் கேட்கத்தானே செய்வார்?

2005-இல் கிளப்புகளை 16-லிருந்து 18 ஆக்கி, ஆண்டு முழுக்க ஒரே பட்டியல் என்று மாற்றினார்கள். அப்படி மாற்றிய முதல் வருடமே ஐந்து கிளப்புகள் கடைசி நாள் வரை முட்டி மோதின. ஒரே பட்டியல் என்றால் பாதியிலேயே ஒருவர் ஓடிப் போய்விடுவார், சுவாரசியம் செத்துவிடும் என்று பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது.

சீசன் எப்போது தொடங்குகிறது என்பதும் புதியவர்களைக் குழப்பும் இடம். ஐரோப்பாவில் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிப்பார்கள். ஜப்பானில் வசந்தத்தில் தொடங்கி டிசம்பரில் முடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. 2005 சீசன் மார்ச் 5-இல் தொடங்கியது. நீகாத்தா, சப்போரோ பக்கமெல்லாம் குளிர்காலத்தில் பனி கொட்டும், மைதானம் தெரியாது. அதற்குப் பதிலாக ஜூலை, ஆகஸ்டின் புழுக்கத்தில் ஆட வேண்டியிருந்தது. (இந்தப் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, 2026 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பாவைப் போல ஆடுவது என்று 2023 டிசம்பரில் லீக் முடிவெடுத்தது. பனிக்காலத்துக்கு நடுவில் இடைவேளை விடுவார்கள்.)

கிளப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன ஐந்தும் கம்பெனி அணிகளாகப் பிறந்தவை. காம்பா, பின்னாளில் பானசோனிக் ஆன மட்சுஷிதாவின் அணி. செரெஸோ யன்மாருடையது, உராவா மிட்சுபிஷியுடையது, காஷிமா சுமிதோமோ மெட்டலுடையது. ஜெஃபுக்குப் பின்னால் ஃபுருகாவாவும் கிழக்கு ஜப்பான் ரயில்வேயும். ஜே லீக் தொடங்கியபோது கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை வையுங்கள் என்றார்கள். பணம் கம்பெனியிடமிருந்து வரலாம், ஆனால் ரசிகர் ஊரிலிருந்து வர வேண்டும் என்பது யோசனை.

இனி 2005-இன் கதைக்கு வருவோம். தொடக்கத்தில் காஷிமாதான் முன்னால் ஓடியது. பிறகு மெல்ல மெல்ல நழுவி, காம்பா மேலே வந்தது.

காம்பாவின் பயிற்சியாளர் அகிரா நிஷினோ. அவருடைய அணி ஆடிய விதத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், நீ மூன்று போட்டால் நான் நான்கு போடுகிறேன் என்பதுதான். நடுக்களத்தில் யசுஹிதோ எண்டோ, முன்னால் மசாஷி ஓகுரோவும் பிரேசிலின் அராவுஜோவும். அராவுஜோ மட்டும் அந்தச் சீசனில் 33 கோல். காம்பா 34 ஆட்டத்தில் 82 கோல் போட்டது. 58 கோல் வாங்கவும் செய்தது. அந்த ஆண்டு கீழ்நிலைக்கு இறங்கிய காஷிவா ரெய்சோல் வாங்கியதே 54-தான். சாம்பியன் ஆகப்போகிற அணியின் தடுப்பு வரிசை, இறங்கப்போகிற அணியினுடையதைவிட ஓட்டை!

செரெஸோ நேர் எதிர். பயிற்சியாளர் ஷின்ஜி கோபயாஷியின் கீழ் சிக்கனமாக ஆடினார்கள். சீசன் முழுக்க 48 கோல்தான் போட்டார்கள், காம்பா போட்டதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் எளிதில் தோற்கவில்லை. இலையுதிர் காலம் முழுக்கத் தோல்வியே இல்லாமல் சத்தமில்லாமல் ஏறி வந்தார்கள். நவம்பர் கடைசியில், 33-ஆவது சுற்றில், காம்பா தோற்க செரெஸோ வெல்ல, பட்டியலின் உச்சி கைமாறியது. ஒரே ஊர்ப் பெயரைத் தாங்கிய இரண்டு கிளப்புகள், பட்டியலில் முதல் இரண்டு இடத்தில், நடுவே ஒரு புள்ளி.

கடைசிச் சுற்றில் எல்லா ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஒருவர் முன்னதாக ஆடி முடித்துவிட்டால், அடுத்தவர் முடிவு தெரிந்து கணக்குப் போட்டு ஆடலாம் அல்லவா, அதைத் தடுக்கத்தான். அன்றைய கணக்கு இது: செரெஸோ வென்றால் 61, யாராலும் தொட முடியாது. செரெஸோ தடுமாறி காம்பா வென்றால் காம்பா. இரண்டும் தடுமாறினால் கோல் வித்தியாசத்தில் முன்னால் இருந்த உராவாவுக்கு வாய்ப்பு, அப்புறம் காஷிமா, ஜெஃப்.

செரெஸோ சொந்த ஊரில், நாகாய் மைதானத்தில், எஃப்.சி. டோக்கியோவை எதிர்கொண்டது. நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே அகினோரி நிஷிசாவா கோல் போட்டார். டோக்கியோ சமன் செய்தது. முதல் பாதியிலேயே செரெஸோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஸே கார்லோஸ் அடித்தார், உள்ளே போகவில்லை. இடைவேளை முடிந்து வந்ததும் நிஷிசாவா இரண்டாவது கோல். 2-1. இனி நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும்.

அதே நேரம் கவாசாகியின் தோதோரோகி மைதானத்தில் காம்பா, ஃப்ரோன்டாலேவுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அராவுஜோ முதல் கோல் போட்டார், கவாசாகி சமன் செய்தது. கேப்டன் ட்சுனேயாசு மியாமோட்டோ இன்னொன்று போட்டார், அதையும் சமன் செய்தார்கள். பத்து நிமிடம் போல பாக்கியிருக்கும்போது பெனால்டி. எண்டோ அடித்தார், 3-2. முடியும் தறுவாயில் அராவுஜோ மறுபடியும், 4-2. ஆனால் இத்தனைக்கும் பிறகும் காம்பா சாம்பியன் இல்லை. நாகாயில் 2-1 நிற்கிற வரை இங்கே என்ன அடித்தாலும் இரண்டாமிடம்தான்.

நாகாயில் 89-ஆவது நிமிடம். டோக்கியோவுக்கு ஒரு கார்னர். பெட்டிக்குள் வந்த பந்து யசுயுகி கொன்னோவின் காலுக்கு வந்தது. 2-2.

டோக்கியோவுக்கு அந்த கோலால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அவர்கள் பட்டப் போட்டியிலும் இல்லை, இறங்கும் ஆபத்திலும் இல்லை. லீக் ஆட்டத்தில் இது எனக்குப் பிடித்த விஷயம்: உங்கள் கோப்பையைத் தட்டிப் பறிப்பவர், கோப்பைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவராக இருப்பார். இதில் ஒரு வேடிக்கை, இதே கொன்னோ 2012-இல் காம்பாவிலேயே போய்ச் சேர்ந்தார்.

செரெஸோவுக்கு இது முதல் அடியும் அல்ல. 2000-ஆம் ஆண்டு முதல் பாதியின் கடைசி நாளிலும் இதே நாகாயில், வென்றால் பட்டம் என்ற நிலையில், கவாசாகியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றவர்கள்.

மற்ற மூவரும் அன்று தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். உராவா நீகாத்தாவில் 4-0, காஷிமா காஷிவாவை 4-0, ஜெஃப் நாகோயாவை 2-1. இறுதிப் பட்டியல்: காம்பா 60. உராவா, காஷிமா, ஜெஃப், செரெஸோ நால்வருக்கும் 59. நால்வரையும் கோல் வித்தியாசத்தால் வரிசைப்படுத்தினார்கள். உராவா கூட்டல் 28, காஷிமா கூட்டல் 22, ஜெஃப் கூட்டல் 14, செரெஸோ கூட்டல் 8. சிக்கனமாக ஆடியதற்கு விலை இங்கே வந்து நின்றது. 89-ஆவது நிமிடத்தில் முதலிடத்தில் இருந்த அணி ஆட்டம் முடிந்தபோது ஐந்தாமிடம்.

இந்த இடத்தில் பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காம்பா 18 வெற்றி, 6 சமநிலை, 10 தோல்வி. காஷிமா, ஜெஃப், செரெஸோ மூன்றுமே 16 வெற்றி, 11 சமநிலை, 7 தோல்வி. உராவா 17, 8, 9. ஐந்து பேரில் அதிகம் தோற்றவர் காம்பாதான்! பத்து முறை தோற்றவர் சாம்பியன், ஏழு முறை மட்டும் தோற்ற மூவர் பின்னால்.

இது எப்படி? வெற்றிக்கு 3 புள்ளி என்பதால்தான். இரண்டு ஆட்டம் சமநிலையில் முடித்தால் 2 புள்ளி. ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றால் 3. அதனால், தோற்காமல் இருப்பதைவிட வெல்லப் பார்ப்பதே லாபம். பழைய காலத்தில் உலகெங்கும் இருந்ததுபோல வெற்றிக்கு 2 புள்ளி என்று வைத்து இதே முடிவுகளைக் கூட்டிப் பாருங்கள். காம்பாவுக்கு 42, உராவாவுக்கு 42. காஷிமா, ஜெஃப், செரெஸோவுக்கு 43. கோல் வித்தியாசத்தில் காஷிமா சாம்பியன் ஆகியிருக்கும். காம்பா மேடைக்கு அருகில்கூட வந்திருக்காது. விதி வேறாக இருந்தால் ஆட்டக்காரர்களும் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், நிஷினோவின் ஓட்டைத் தடுப்பும் ஓயாத தாக்குதலும் இந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின என்றே நினைக்கிறேன்.

லீகுக்கு வெளியே தனியாகக் கோப்பைப் போட்டிகளும் நடக்கும், அவற்றைப் பட்டியலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் நாபிஸ்கோ கோப்பை இறுதியில் காம்பாவும் ஜெஃபும் மோதின. கோலில்லாமல் முடிந்து பெனால்டியில் ஜெஃப் வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர் இவிகா ஓசிமை அடுத்த ஆண்டு ஜப்பான் தேசிய அணிக்கே அழைத்துக்கொண்டார்கள். பேரரசர் கோப்பை இன்னொன்று; அப்போதெல்லாம் இறுதிப் போட்டி புத்தாண்டு தினத்தில்.

பட்டியலின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதி சீசனைத் தவறவிடுவீர்கள். கீழ்ப்பக்கத்தில் நடப்பது வேறு வகைப் போராட்டம். 1999-இல் ஜே2 என்ற இரண்டாம் நிலை வந்ததிலிருந்து, கடைசியில் இருப்பவர்கள் அங்கே இறங்கியாக வேண்டும், அங்கே முன்னணியில் இருப்பவர்கள் மேலே ஏறுவார்கள். 2005-இல் கடைசி இரண்டு கிளப்புகள் நேராக இறங்கின: 18-ஆவது விஸ்ஸெல் கோபே, 17-ஆவது டோக்கியோ வெர்டி. வெர்டி யாரென்றால், தொடக்க ஆட்டத்தில் ஆடிய அதே வெர்டி கவாசாகிதான், லீகின் முதல் இரண்டு ஆண்டுகளின் சாம்பியன். அதுவும் 2005 ஜனவரி 1 அன்றுதான் பேரரசர் கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். கோப்பையோடு தொடங்கிய ஆண்டை இரண்டாம் நிலைக்கு இறங்கி முடித்தார்கள்.

16-ஆவது இடத்துக்கு நேரடி இறக்கம் இல்லை. ஜே2-இன் மூன்றாம் இடத்தோடு இரண்டு ஆட்டம் ஆடி இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி மாட்டியது காஷிவா ரெய்சோல். எதிரில் வந்தது வென்ட்ஃபோரெட் கோஃபு, சில ஆண்டுகளுக்கு முன்பு கடன் தாங்காமல் மூடிவிடும் நிலைக்குப் போய்த் திரும்பிய சின்ன கிளப். முதல் ஆட்டம் கோஃபுவில், 2-1 என்று கோஃபுவுக்கே வெற்றி. இரண்டாவது காஷிவாவின் சொந்த மைதானத்தில். கோஃபு 6-2 என்று வென்றது. ஆறு கோலையும் போட்டவர் ஒரே ஆள், பிரேசிலின் பாரே. ஒரு கிளப்பின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் ஒருவரே ஆறு கோல் போட்டால் எதிரணி என்னதான் செய்ய முடியும்.

கோப்பையை நழுவவிட்ட செரெஸோ அடுத்த ஆண்டே 17-ஆவது இடத்தில் முடித்து இறங்கியது. 2006-இல் உராவா, கடைசி நாளில் காம்பாவையே 3-2 என்று வென்று முதல் முறையாகப் பட்டம் எடுத்தது. ஜே லீகில் நேற்றைய மிராசு இன்றைக்குச் செல்லாது. காம்பாவே 2012-இல் இறங்கியது, அதுவும் லீகிலேயே அதிகமாக 67 கோல் போட்டுவிட்டு! கோல் வித்தியாசம் கூட்டல் 2. ஆனால் வெற்றி ஒன்பதுதான், சமநிலை பதினொன்று.

பட்டியல் முறையிலும் லீக் ஒருமுறை பின்வாங்கியது. 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் மறுபடி ஆண்டை இரண்டாக வெட்டினார்கள்; பணமும் பார்வையாளரும் கூடுவார்கள் என்ற ஆசை. 2016-இல் உராவா மொத்தமாக 74 புள்ளி எடுத்தது, காஷிமா 59. பதினைந்து புள்ளி பின்னால் இருந்த காஷிமா, இறுதி மோதலில் சொந்த ஊரில் 0-1 என்று தோற்று, சைதாமாவில் 2-1 என்று வென்று, வெளியூரில் போட்ட கோல் கணக்கில் சாம்பியன் ஆனது. 2004-இல் வயிறெரிந்த அதே உராவா ரசிகர்கள்தான் இங்கேயும். 2017-இல் மறுபடி ஒரே பட்டியலுக்குத் திரும்பினார்கள். 2024 முதல் ஜே1-இல் 20 கிளப்புகள், 38 ஆட்டங்கள்.

கோஃபுவிடம் ஆறு கோல் வாங்கி இறங்கிய காஷிவா ஒரே ஆண்டில் திரும்பி வந்தது, 2009-இல் மறுபடி இறங்கியது, 2010-இல் ஜே2 சாம்பியனாகி மறுபடி ஏறியது. அடுத்த சீசன் 2011. முதல் சுற்று முடிந்ததும் மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும். லீக் ஏப்ரல் 23 வரை நின்றது. டிசம்பரில் கடைசி நாள் வந்தபோது முதலிடத்தில் இருந்தது, முந்தைய ஆண்டு இரண்டாம் நிலையில் ஆடிய காஷிவா. சைதாமாவில் உராவாவை 3-1 என்று வென்று, 72 புள்ளியோடு சாம்பியன். மேலே ஏறிய முதல் ஆண்டிலேயே ஜே1 பட்டம் எடுத்த முதல் கிளப் அதுதான். இரண்டாமிடம் நாகோயா, 71 புள்ளி. காஷிவா 23 வெற்றி, 3 சமநிலை, 8 தோல்வி. நாகோயா 21 வெற்றி, 8 சமநிலை, 5 தோல்வி. வெற்றிக்கு 2 புள்ளி என்று வைத்து இதையும் கூட்டிப் பாருங்கள்: காஷிவா 49, நாகோயா 50.